கப்பல் பேசுறேன், ஓவர்

சிரிப்பு வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருளுகிற மாதிரி ஒன்று கைவசம் இருக்கிறது, ஆனால் இப்போதே எடுத்து விட மாட்டேன், எண்ணெய் காயுமுன் போட்ட பஜ்ஜி சொதசொதவென்று போகுமே, அந்த மாதிரி ஆகிவிடும், அதனால் பொறுங்கள், என் தலைக்குள் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் பெருமக்களே, கொஞ்சம் பொறுங்கள். முதலில் இந்தக் கண்ணாடியைப் பாருங்கள். நாங்கள் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் பார்த்தால் அவர்கள் மூஞ்சிதான் தெரியும். அந்தப் பக்கம் பெரிய ஹால், வரிசை வரிசையாக மேசை, மேசைக்கு ரெண்டு திரை, திரைக்கு முன்னால் ஒரு பெரிய மனுஷர், அவர் நாற்காலி முதுகில் ஒரு பூத்துவாலை. விண்கலத்தைக் கடலில் இறக்குகிற இடமாம். துவாலையைப் பார்த்தால் தாலுகா ஆபீஸ் மாதிரிதான் இருக்கிறது. இந்தப் பக்கம், ஏசி இரைச்சலுக்கும் யாரோ பாதி தின்று வைத்த மசால்வடை வாசனைக்கும் நடுவில், நான், பெனிலா, பதினொன்றாம் வகுப்பு, தலையில் தலையைவிடப் பெரிய ஹெட்போன், பக்கத்தில் மைதிலி ஆன்ட்டி. இன்றைக்கு நடப்பது ஒத்திகை. மேலே ஒன்றும் சுற்றவில்லை, கடலில் ஒரு கப்பலும் நிற்கவில்லை. ஆனாலும் ஹாலில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் நிஜம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் இங்கே சட்டம். காதில் கேட்பது நிஜம், திரையில் வருவது நிஜம், "ஒத்திகைதானே சார்" என்று யாராவது வாயைத் திறந்தால் அவர் கதை முடிந்தது. அவர்களை ஏமாற்றுவதுதான் மைதிலி ஆன்ட்டியின் உத்தியோகம். யோசித்துப் பாருங்கள், ஏமாற்றுவதற்கு மாதச் சம்பளம், மருத்துவப் படி, பென்ஷன். இப்படி ஒரு வேலை இருக்கிறதென்று முன்னமே யாராவது சொல்லியிருந்தால் கணக்குப் பாடத்தைக் கொஞ்சம் மதித்திருப்பேன். வழக்கமாகக் கப்பல் குரல், ஹெலிகாப்டர் குரல் எல்லாம் கொடுக்கிற ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது. "பெனிலா கண்ணா, கிறிஸ்மஸ் விழால பண்ணினியே, அதே மாதிரி. ஆனா சிரிப்பு மட்டும் வரக் கூடாது" என்றார் ஆன்ட்டி. சிரிப்பு வராத மிமிக்ரி! உப்பில்லாத ஊறுகாய்! இருந்தாலும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்றால், மூன்றாவது வரிசை, ஓரத்து மேசை, வழுக்கையில் ட்யூப்லைட் விழுந்து மின்னுகிறதே, அந்த ஆள். வானிலை அதிகாரி ஞானசீலன். எங்கள் அப்பா. இங்கே குரல் கொடுப்பது நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அவர் பிரச்சினையே. அவரிடம் மணி கேட்டால்கூட "ஏறக்குறைய" என்றுதான் தொடங்குவார். மழை வருமா என்று கேட்டால், அம்மா சொல்வது போல, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்: "வரதுக்கு வாய்ப்பு உண்டு, ஆனா கிழக்க காத்து திரும்பிச்சுன்னா விலகிப் போகவும் கூடும், இப்ப உறுதியாச் சொல்ல முடியாது கேட்டியா." கேட்டேன், கேட்டேன், பிறந்ததிலிருந்து கேட்கிறேன். டிவியில் வருகிற வானிலைக்காரரைப் பாருங்கள், கோட்டு போட்டுக்கொண்டு, வரைபடத்தை முதுகுக்குப் பின்னால் விட்டு, "நாளை மிக கனமழை, மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார், மறுநாள் வெயில் பிளக்கிறது, அவர் அதே கோட்டில் வந்து "வறண்ட வானிலை" என்கிறார், ஒரு கூச்சம் கிடையாது, அதுதான் குரல், அந்தக் குரலை எடுத்துக்கொண்டு போய் நான் மேடையில் ஏறினால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். கிறிஸ்மஸ் விழாவில் எங்கள் ஊழியர் குடியிருப்பில் ஒரு ஆளை விடவில்லை. இந்த ஹாலின் பெரிய தலை, இயக்குநர் ஸ்ரீவத்சன், குக்கர் விசில் போடுவதற்கு முன்னால் ஒரு புஸ்ஸென்று வருமே, அப்படி மூக்கால் காற்று விட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார், அதைப் பண்ணினேன், அவர் மனைவியே கண்ணீர் வரச் சிரித்தார். பால் வண்டிக்காரர், பாதிரியார், கேஸ் சிலிண்டர் போடுகிற அண்ணன், எங்கள் வேதியியல் டீச்சர் "ஏய் லாஸ்ட் பெஞ்ச்" என்பது, எல்லாமே வந்தது. அப்பா மட்டும் வரவில்லை. பண்ணினேன், கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது, முன் வரிசையில் ஒருத்தர் "இது யாரு, நம்ம தபால்காரரா?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம்! அவரிடம் திருடுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு வார்த்தை, அப்புறம் ஒரு பெரிய பள்ளம், அப்புறம் இன்னொரு வார்த்தை. பள்ளத்தை யார் பண்ணிக் காட்டுவது? மேடையில் இடைவெளி விட்டால் தொலைந்தோம், கூட்டம் யோசிக்க ஆரம்பித்துவிடும், யோசிக்கிற கூட்டம் சிரிக்காது. அதனால் பள்ளத்தையெல்லாம் நானே வார்த்தை போட்டு நிரப்பினேன், நிரப்பியதும் அது அப்பா இல்லாமல் போய்விட்டது. கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்த நிஜ அப்பா மெதுவாகக் கைதட்டினார், எல்லோரும் தட்டி முடித்த பிறகு. அதையும் தாமதமாகத்தான் செய்வார்.

ஹெட்போனில் ஸ்ரீவத்சன் புஸ்ஸென்றார். "எல்லா மேசைகளுக்கும். இன்னும் கொஞ்ச நேரத்துல கடைசிக் கருத்துக் கேட்பு. ரெடியா இருங்க." நிஜத்தில் எல்லாம் இங்கிலீஷில் நடக்க வேண்டுமாம், நம் ஆட்கள் கொஞ்சம் பதற்றம் வந்ததும் தமிழுக்கு வந்துவிடுகிறார்கள். கடைசிக் கருத்துக் கேட்பு என்றால் வேறொன்றுமில்லை, மேலே சுற்றிக்கொண்டிருக்கிற கூண்டில் மூன்று பேர், அவர்களைக் கடலில் இறக்கலாமா என்று ஒவ்வொரு மேசையாகக் கேட்பார்கள், ஒவ்வொருவரும் 'கோ' அல்லது 'நோ கோ', இந்த இரண்டில் ஒன்றுதான் சொல்லலாம். 'ஏறக்குறைய' கிடையாது. 'வாய்ப்பு உண்டு' கிடையாது. அப்பாவுக்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த சித்திரவதை. எல்லோரும் கோ சொன்னால் மேலே எஞ்சினைத் தட்டுவார்கள், தட்டியபின் இறங்கித்தான் ஆக வேண்டும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறேன் என்று படியில் நிற்க முடியாது. கீழே கடல் கொந்தளித்தால் பாராசூட் கூண்டை இழுத்துக் கவிழ்த்துவிடும். போன ஒத்திகையில் அப்பா நோ கோ சொன்னார். கடலோ பால் மாதிரி இருந்ததாக ஆன்ட்டி எழுதி வைத்திருந்தார். வெறும் பயத்தில் மூன்று பேரை இன்னொரு நாள் மேலே சுற்ற விட்டார் என்று ஸ்ரீவத்சன் காய்ச்சி எடுத்தார். இன்றைக்கும் தப்பாகச் சொன்னால் நிஜ இறக்கத்துக்கு அந்த நாற்காலியில் பெங்களூரிலிருந்து வந்த ப்ரணவ் உட்காருவான், லேப்டாப்பில் ஸ்டிக்கர் ஒட்டியவன், "மாடல் சொல்லுது சார், தொண்ணூறு சதவீதம்" என்று ஒரு நொடியில் சொல்பவன், அப்பாவைப் பழையபடி சென்னை விமான நிலைய வானிலை அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா இதற்காகத்தான் நாகர்கோவில் வீட்டையும் விட்டு, சென்னையையும் விட்டு, இந்த உப்புக் காற்றுக்கு வந்தார். ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: "மூணு பேரு மேல இருந்து நம்மள நம்பி இறங்குதாங்க. ஒரு தடவையாவது அத சரியாச் சொல்லிறணும், அது போதும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவே இல்லை. எனக்கோ சென்னை வேண்டும். சென்னையில் மேடை இருக்கிறது, காலேஜ் கல்ச்சுரல்ஸ் இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது, முருங்கை மரமும் வாட்ச்மேனும் அதே நாற்பது வீட்டுக் கூட்டமும். அப்பா தோற்றால் நான் சென்னை. கணக்கில் நான் மோசம்தான், இந்தக் கணக்கு மட்டும் சுலபமாக வருகிறது.

இப்போது ஆன்ட்டியின் பொறியைச் சொல்கிறேன், இதுவும் ஜோக் இல்லை, ஜோக்குக்குப் போகிற வழி. கடலில் ஒரு மிதவை இருக்கிறது, அலை உயரத்தை அளந்து அனுப்பும். அது பழுது, காலையில் அனுப்பிய எண்ணையே அனுப்பிக்கொண்டிருக்கிறது, ஒன்றே கால் மீட்டர். நிஜத்தில், அதாவது ஆன்ட்டியின் பொய் நிஜத்தில், கிழக்கே கருமேகம் திரண்டு அலை மூன்று மீட்டரைத் தாண்டுகிறது. மீட்புக் கப்பலின் கேப்டன், அதாவது நான், ஏசி கேபினில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன். அலை எவ்வளவு என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பதில்லை, முன்னால் இருக்கிற திரையில் மிதவை எண்ணைப் பார்த்து அதையே திருப்பிச் சொல்கிறேன். ஹாலில் என்ன நினைப்பார்கள்? மிதவையும் ஒன்றே கால், கப்பலும் ஒன்றே கால், ரெண்டு சாட்சி ஆகிவிட்டது. சாட்சி ஒன்றுதான், ரெண்டு வாயால் பேசுகிறது. "இவங்க எல்லாரும் விழற பள்ளம் இதுதான்" என்றார் ஆன்ட்டி, "ஒருத்தர் நம்பரை ஒருத்தர் பார்த்து எழுதுவாங்க, வெளிய யாரும் பார்க்க மாட்டாங்க." தப்பிக்க ஒரே ஒரு வழி வைத்திருக்கிறார். வானிலை அதிகாரி கேப்டனை வெளியே போய்ப் பார்க்கச் சொன்னால் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க வேண்டும், பிறகு மூச்சு வாங்க வந்து உண்மையைச் சொல்ல வேண்டும்: கிழக்கே கறுத்துக் கிடக்கிறது, அலை ஏறுகிறது, இறக்காதீர்கள். அதுதான் நியாயமாம். ரெண்டு தடவை சொல்லச் சொல்லி என்னிடம் கேட்டுக்கொண்டார். சொன்னேன். அழகாகச் சொன்னேன். ஆனால், பெருமக்களே, இங்கேதான் எண்ணெய் காய ஆரம்பிக்கிறது, அந்த வரியை நான் சொல்லப்போவதில்லை. வெளியே போய்ப் பார்க்கச் சொன்னாலும் ஒன்றே கால்தான். அப்பா கோ சொல்வார். கூண்டு கவிழும். ஏமாற்றச் சம்பளம் வாங்குகிறவரையும் சேர்த்து ஏமாற்றிவிட்டு நான் ஹெட்போனைக் கழற்றி வைப்பேன். அதுதான் ஜோக். சிரிக்கலாம். இல்லை, இன்னும் இல்லை.

"மீட்புக் கப்பல், வானிலை பேசுறேன்." அப்பா குரல். காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. "கேக்குதா?" போனில் பேசினாலும் இப்படித்தான், பேசுகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு 'கேக்குதா', கேட்காமல் என்ன, பக்கத்து வீட்டுக்கே கேட்கும். நான் தாடையைக் கீழே இறக்கி, தொண்டையில் கொஞ்சம் சரளைக்கல் போட்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு மாமா பேசுவாரே அந்தக் குரலை எடுத்தேன். "கப்பல் பேசுறேன், ஓவர். நல்லாக் கேக்குது சார்." "அலை எப்பிடி கேப்டன்?" "ஒன்றே கால் மீட்டர் சார். குளம் மாதிரிக் கிடக்கு." மைதிலி ஆன்ட்டி கட்டைவிரலை உயர்த்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா ஏதோ குறித்துக்கொண்டார், நம்பிவிட்டார், பார்த்தீர்களா, இருபது வருஷம் வானத்தைப் படித்தவர், பெற்ற மகளைக் கேப்டன் என்று கூப்பிட்டுக் கேட்கிறார். சிரிப்பு தொண்டைவரை வந்தது, சரளைக்கல்லைப் போட்டு அமுக்கினேன். ஹெட்போன் காதை அழுத்தி காதுமடல் சூடாகிவிட்டது. கோ சொல்லிவிட்டால் எனக்கு இன்னும் ஒரு குரல் பாக்கி, கவிழ்ந்த கூண்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற ஆள். சின்ன வேஷம், ரெண்டு தடவை கூப்பிட வேண்டும், அப்புறம் பதில் கிடையாது, ஹாலில் எல்லோரும் மாறி மாறிக் கூப்பிடுவார்கள், நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குத்தான் நேற்று குளியலறையில் ஒத்திகை பார்த்தேன். குழாயைத் திறந்து வாளிக்குள் தலையைக் கவிழ்த்து, கூண்டுக்குள் பேசினால் அப்படித்தான் முழங்கும் என்று. ஆனால் பயந்த ஆம்பளைக் குரல் எதுவும் கையில் இல்லை. எனக்குத் தெரிந்த ஆம்பளைகள் எல்லாம் சத்தம் போடுகிறவர்கள், பயந்தால் இன்னும் சத்தம் போடுகிறவர்கள். கடைசியில் என்ன வந்தது தெரியுமா, கிறிஸ்மஸ் மேடையில் எவ்வளவு முக்கியும் வராதது வந்தது. வாளிக்குள்ளிருந்து அப்பா பேசினார். "மீட்புக் கப்பல்... கேக்குதா? ... கேக்குதா?" வெளியே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, "அப்பா வந்தாச்சா? எப்ப வந்தாங்க?" என்றாள். குழாய் ஓடியது. அம்மா மறுபடி, "ஏங்க?" என்றாள், கதவுக்குப் பக்கத்தில் வந்து. என் வாய்க்குள் அவர் இருந்தார், வாளித் தண்ணீர் மூக்கில் ஏறியது, தலையை உடனே எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. சே, அதெல்லாம் ஒன்றுமில்லை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு நல்ல குரல், தொழில் நேர்த்தி, அவ்வளவுதான். மசால்வடையின் எண்ணெய் காகிதத்தில் பரவுகிறது, அதைப் பார்க்கிறேன், மேகம் மாதிரித்தான் பரவுகிறது, கிழக்கிலிருந்து.

அப்பா எழுந்து நின்றார். ஏன் எழுந்தார்? ஒன்றுமில்லை, துவாலையைச் சரி செய்துவிட்டு உட்கார்ந்தார். பயந்தே போய்விட்டேன். இப்படித்தான், காரணமில்லாமல் எழுவார், வீட்டிலும் அப்படி, சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய் ஜன்னலில் நிற்பார், என்னப்பா என்றால், "காத்து மாறின மாதிரி இருந்திச்சு." மாறியதா? "இல்ல, மாறல்ல போல." அதற்கு ஒரு நடை! ஒருநாள் ஆபீஸிலிருந்து போன் செய்தார். அவர் முன்னால் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, ரேடார் இருக்கிறது, அமெரிக்கா வரைக்கும் மேகம் தெரியும், ஆனாலும் ஆசாமி வீட்டுக்குப் போன் போட்டு, "மக்ளே, கிழக்க வானம் எப்பிடி இருக்கு? எந்திரிச்சு மொட்டை மாடிக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்லு, அம்மைக்க துணி காயுது." நான் சோபாவில் படுத்திருந்தேன், வயிற்றின் மேல் மிக்சர் கிண்ணம். "பளிச்சுனு வெயில் அடிக்குதுப்பா, ஒரு பொட்டு மேகம் இல்ல." "ம்" என்றார். வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வானம் உடைந்து ஊற்றியது, என் யூனிஃபார்ம், அம்மாவின் சேலை, போர்வை எல்லாம் குளித்தது, அம்மா என்னைக் கரண்டியால் துரத்தினாள். சாயங்காலம் அப்பா நனைந்த துணியை ஒவ்வொன்றாகப் பிழிந்து வராண்டாவில் போட்டுக்கொண்டே, திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை, "நீ எந்திரிக்கவே இல்லல்லா மக்ளே" என்றார். எப்படித் தெரியும்? அம்மா போட்டுக் கொடுத்தாள் என்று நினைத்தேன், ஆனால் போன் வந்தபோது அம்மா கடைக்குப் போயிருந்தாள். கேட்டதற்கு அவர் சிரித்தார், அவருக்கே உரிய அந்தச் சத்தமில்லாத சிரிப்பு, யாரும் கைதட்டாத சிரிப்பு. "அது தெரியும்" என்றார். 'ஏறக்குறைய' இல்லை, 'வாய்ப்பு உண்டு' இல்லை. அது தெரியும். அவர் உறுதியாகச் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அதற்கப்புறமும் எத்தனையோ தடவை பொய் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்தார், துணி நனைந்தாலும் நனையாவிட்டாலும் கண்டுபிடித்தார். ஆனால் அதெல்லாம் பெனிலாவின் குரலில். கேப்டனின் குரல் வேறு. கேப்டன் குரலில் பெனிலா ஒரு துளி கிடையாது, சல்லடை போட்டுச் சலித்துத்தான் வைத்திருக்கிறேன்.

புஸ். "எல்லா மேசைகளுக்கும், கருத்துக் கேட்பு. பாராசூட்?" "கோ." "தொலைத்தொடர்பு?" "கோ." "மருத்துவம்?" "கோ." என்ன அழகு, கோயில் மணி மாதிரி விழுகிறது ஒவ்வொன்றும், யோசிக்காத மனிதர்கள், வாழ்க. "மீட்பு?" "கோ." "வானிலை?" பள்ளம். எனக்குத் தெரியும் இந்தப் பள்ளம், இதில்தான் மேடையில் விழுந்தேன். ஹால் முழுக்க அந்த வழுக்கையைப் பார்க்கிறது. சுவரோரம் கைகட்டி நின்றிருந்த ப்ரணவ் தன் செருப்பைப் பார்த்துச் சிரிக்கிறான், சிரிடா, சிரி, நீயெல்லாம் சிரிக்கவா நான் இவ்வளவு தூரம் எண்ணெய் காய்ச்சினேன். "வானிலை!" புஸ். "ரெண்டு ரிப்போர்ட்டும் நல்லா இருக்கு, மிதவை ஒன்றே கால், கப்பல் ஒன்றே கால், இன்னும் என்ன?" "ஒரு நிமிஷம் சார்." சொல்லிவிடேன் அப்பா, கோ என்று சொல்லிவிடேன், இல்லை, சொல்லாதே, நோ கோ என்று சொல், எதையாவது சொல், இப்படி எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருக்காதே. ஒத்திகைதானே, கூண்டில் யாரும் இல்லை, யாரும் மூழ்கப் போவதில்லை. வாளித் தண்ணீர் மூக்கில் ஏறுகிறது. கேக்குதா? கேக்குதா? அந்தக் குரலை நான் பண்ண மாட்டேன், ஆன்ட்டியிடம் சொல்லிவிடுகிறேன், தொண்டை கட்டிவிட்டது என்று, அந்த ஒரு குரல் மட்டும் வேண்டாம். "மீட்புக் கப்பல், வானிலை பேசுறேன். கேக்குதா?" கப்பல் பேசுறேன் ஓவர். "கேப்டன், ஒரு உபகாரம். எந்திரிச்சு மேல்தளத்துக்குப் போயி, கிழக்க பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க உங்க கண்ணால பாக்கணும். நான் காத்திருக்கேன்." மைதிலி ஆன்ட்டி நாற்காலி நுனிக்கு வந்தார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, இந்த வழியை யாரும் பிடித்ததே இல்லையாம், என் தோளை அழுத்தினார், இப்போது நீ அந்த வரியைச் சொல்லலாம் கண்ணா, கொஞ்சம் பொறுத்து. கிழக்கே கறுத்துக் கிடக்கிறது. அலை ஏறுகிறது. இறக்காதீர்கள். நாக்கு நுனியில்தான் இருக்கிறது. அதைச் சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார். ஜெயிக்கட்டுமே. மூன்று பேர் நம்பி இறங்குகிறார்கள். சென்னை. முருங்கை மரம். சோற்றைப் பிசைகிற கை. மேடை. முன்வரிசையில் யாரோ, இது யாரு, தபால்காரரா? இடைவெளி விடாதே, விட்டால் தொலைந்தாய், யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "பாத்தாச்சு சார், ஒன்றே கால்தான், குளம் மாதிரிக் கிடக்கு, ஓவர்."

என் வாய்தான் சொன்னது. ஆன்ட்டியின் கை தோளிலிருந்து எழுந்துவிட்டது. நான் அவரைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தேன். குரலில் ஒரு பிசிறு இல்லை, சரளைக்கல் அத்தனையும் இடத்தில் இருந்தது, இதைவிட நன்றாக யாரும் பண்ண முடியாது, பெருமக்களே, இப்போது சிரிக்கலாம், இதுதான் அது, சிரியுங்கள். யாரும் சிரிக்கவில்லை. பள்ளம். பிறகு, "வானிலை, நோ கோ." புஸ்ஸே வரவில்லை ஸ்ரீவத்சனுக்கு, நேராகவே வெடித்தார். "எதை வச்சுச் சொல்றீங்க ஞானசீலன்? இப்பதான் கேப்டன் பார்த்துட்டுச் சொன்னாரு!" "அவரு பாக்கல்ல சார்." "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "பதிலு சீக்கிரம் வந்திட்டு சார்." அப்பா திரும்பாமல் பேசினார், திரையைப் பார்த்தே, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் அந்தப் பள்ளத்தோடு. "மேல்தளத்துக்குப் போற ஆளுக்கு நாற்காலிய நகத்தணும். கதவத் தெறக்கணும். வெளிய காத்துல நிக்கணும். பொறவு திரும்பி வரணும். பாத்துட்டு வரவன் உடனே பேச மாட்டான் சார், பாத்தத என்ன வார்த்தையில சொல்லலாம்னு ஒரு நிமிஷம் நிப்பான். இவரு நான் கேட்டு முடிக்கதுக்குள்ள சொல்லியாச்சு. அப்ப முன்னால கெடக்க மிதவை நம்பரத்தான் பாத்துச் சொல்லுதாரு. காலம்பற இருந்து அந்த நம்பரு அசையவே இல்ல, உயிருள்ள கடலு அப்பிடி இருக்காது. கப்பல்ல யாரும் வெளிய பாக்கல்ல. பாக்காத கடல்ல மூணு பேர இறக்க என்னால கோ சொல்ல முடியாது. உறுதியாச் சொல்லுதேன்." உறுதியாக. நான் வாயைத் திறந்தேன், ஏதாவது ஒரு குரலைப் போட்டு நிரப்ப, கேப்டன், பாதிரியார், பால் வண்டி, யாராவது. யாரும் வரவில்லை. ஆன்ட்டி மைக்கை என்னிடமிருந்து பிடுங்கவும் இல்லை, மெதுவாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்து. ப்ரணவ் கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தான். "அந்தக் கேப்டன் சார்," அப்பா இன்னும் முடிக்கவில்லை, எனக்கு வேர்த்தது, ஏசியில் வேர்த்தது, "அவரு இருந்த எடத்த விட்டு எந்திரிக்கவே இல்..."

நின்றது. வார்த்தை பாதியில் நின்றது. பேனாவைக் கீழே வைத்தார். கை ஹெட்போனுக்குப் போய் அதைக் காதோடு அழுத்திக்கொண்டது, இப்போதுதான் எதையோ கேட்கிற மாதிரி, கொஞ்ச நேரம் முன்னால் கேட்டதை மறுபடி கேட்கிற மாதிரி. நாற்காலி திரும்பியது, மெதுவாக, அவர் செய்கிற எல்லாவற்றையும் போல மெதுவாக, துவாலை நழுவித் தரையில் விழுந்தது, அதை எடுக்கவில்லை. கண்ணாடியை நேராகப் பார்த்தார். அதில் அவருக்கு அவர் முகம்தான் தெரியும். சத்தமில்லாமல் சிரித்தார், தோள்கள் மட்டும் குலுங்கின, வராண்டாவில் நனைந்த துணியைப் பிழிந்தபோது சிரித்தாரே, அது. ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, விதிமுறை எல்லாம் அந்தத் துவாலையோடு கீழே கிடக்க, என் காதுக்குள் கேட்டார்.

"மக்ளே... நீயா? கேக்குதா?"